மருந்து இருக்காங்களா?

பிப்ரவரி 9

தம்பி,

தாளில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனை அணைத்து ஐம்பத்து மூன்று நாளாகிறது. புது எண் வாங்க மனம் வரவில்லை. வாங்கினால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அதே பல் வேலைதான். ஒரு டென்டல் லேப், முதல் மாடி, நான்கு மேஜை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மாவு ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, செட் கட்டித் தருகிறோம். விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. முகமூடியும் கண்ணாடியும் போட்டுக் குனிந்துவிட்டால் நான் யாரென்று எவருக்கும் தெரியாது. முன்பெல்லாம் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது அதுதான். இப்போது அதற்காகவே பிடித்திருக்கிறது.

நேற்று பக்கத்து மேஜைப் பெண்ணின் போன் அடித்தது. நாம் ஆன்லைனில் ஆடும் விளையாட்டில் வருமே, அந்தக் கப்பலின் சங்கொலி. அதைத்தான் அவள் அழைப்பு மணியாக வைத்திருக்கிறாள். ஆறு வருடம் அந்த ஒலி கேட்டால் எனக்கு உச்சி குளிரும். வேலை முடிந்து வந்து, காதில் ஹெட்போனை மாட்டினால் நாற்பது பேர் ஒன்றாக என் விளையாட்டுப் பெயரைச் சொல்லி "மருந்து வந்தாச்சு!" என்று கத்துவார்கள். புயலில் கப்பலைத் தள்ளிக்கொண்டு போவதா எனக்குப் பெரிது? அந்தக் கூச்சல்தான் பெரிது. நேற்று அதே ஒலியில் கையிலிருந்த அச்சு கீழே விழுந்து மூன்று பல் உடைந்தது. ஒன்றுக்குப் போகிற இடத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் குழுவை நடத்தும் கேப்டன், குழுவில் இருந்த சிட்டுவுக்குத் தனியாக அனுப்பியவற்றை நீ படிக்கவில்லை. நான் படித்தேன். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. எழுதக் கை கூசுகிறது. விளையாட்டுக் கம்பெனிக்கு நான் புகார் கொடுத்தது தப்பா? அவர் கணக்கை அவர்கள் முடக்கினார்கள். மறுநாளே நம் குழுவில் என் போட்டோ, என் எண், பழைய வீட்டு வாசல், எல்லாம் வந்தது. எத்தனை பேர் என்னென்ன எழுதினார்கள்! நான் அதையெல்லாம் தாண்டி ஒரே ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ ஆன்லைனில் இருந்தாய். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஒரு வரி நீ எழுதவில்லை.

ஏன் என்று மட்டும் சொல்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

உன் கடிதத்தைப் படிக்கவே அரை நாள் பிடித்தது. எழுத்தா அது, கோழி கிளறிய மாதிரி. கையெழுத்தைப் பார்த்துத்தான் நீ பயந்து போயிருக்கிறாய் என்று தெரிந்தது.

நான் நலம். புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட் பொருத்துகிறோம். மேஸ்திரிக்கு இப்போது மேற்பார்வை மட்டும்தான், விரல் போன கையோடு ஸ்பானர் பிடிக்க முடியாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். கேப்டனைப் பற்றி நீ எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மேஸ்திரிக்கு விரல் போன அந்த விபத்துக்குப் பிறகு நான் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தேனே, அப்போது தினமும் என்னோடு பேசியது அவர். அம்மா இறந்தபோது நம் கப்பலைத் துறையில் நிறுத்தி, நாற்பது பேரையும் சங்கு ஊதச் சொன்னது அவர். அன்றைக்கு நீ எப்படி அழுதாய்! நேராக அவரிடமே கேட்டிருக்கலாம். வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளேயே பேசியிருக்கலாம். கம்பெனிவரை போய்விட்டாய்.

குழு இப்போது பழைய மாதிரி இல்லை. கேப்டன் வேறு பெயரில் வந்துவிட்டார். புதிதாகப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். உன்னோடு பேசியே இராதவர்கள். "மருந்துப் பேய்" என்று உன்னை வைத்து ஜோக் அடிக்கிறார்கள். குழுவில் சேர்ந்ததும் அவர்கள் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். ஒருநாள் நானும் சிரித்துவிட்டேன். மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் வாய்ச் சவடால், அக்கா. நேரில் யாரும் வரமாட்டார்கள். நீ நிம்மதியாக இரு.

தம்பி


மார்ச் 1

தம்பி,

நீ சிரித்ததை மன்னித்துவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை லேப் போன் அடித்தது. முதலாளியம்மா எடுத்தார். கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரோ ஒருத்தர் 'மருந்து இருக்காங்களா'ன்னு கேக்கறார். இது மெடிக்கல் ஷாப் இல்லைன்னு சொன்னா சிரிக்கறார்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகமூடிக்குள் என் பல் தந்தி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு உறை வந்தது. மேலே லேப் விலாசம், "மருந்துக்கு" என்று மட்டும். உள்ளே ஒரு போட்டோ. எதிர்க் கட்டடத்தின் மாடிப்படியிலிருந்து எடுத்தது. ஜன்னலோர மேஜையில் நான் குனிந்து பல் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் போட்டிருந்த பச்சைச் சட்டை வரை தெரிகிறது. பின்பக்கத்தில் ஒரே வரி: "கப்பலை மூழ்கடித்தவள் கரையில் சுகமாக இருக்கிறாள்."

போலீஸில் மனு கொடுத்துவிட்டேன். சிட்டு எனக்கு அனுப்பியவற்றையும் சேர்த்தே கொடுத்தேன். அங்கே இருந்த போலீஸ் அம்மா நல்ல மாதிரி. ஆனால் "விளையாட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். விளையாட்டுதான் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

இப்போது மேஜையைச் சுவரோரம் மாற்றிக்கொண்டேன். வெளிச்சம் போதவில்லை. தெருவில் யார் போனைத் தூக்கிப் பிடித்தாலும் என்னைத்தான் எடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டினால்கூடக் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறேன்: இது யாராக இருக்கும்? குரல் தெரியும், முகம் தெரியாத நாற்பது பேர். எந்த முகத்துக்குள்ளும் அவர்கள் இருக்கலாம்.

இந்த லேப் விலாசத்தை ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

என்மேலேயே சந்தேகமா? சத்தியமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் பழைய முதலாளி சொல்லியிருப்பார். இல்லை, பல் லேப்பாகத் தேடிப் போன் அடித்துப் பார்த்திருப்பார்கள். கூடப் பிறந்தவனை இப்படிக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாய். எழுத வேறொன்றும் இல்லை.

தம்பி


மார்ச் 8

அக்கா,

நேற்று முன்தினம் அனுப்பியதைக் கிழித்துப் போடு. நான்தான் சொன்னேன்.

கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அழுதார். "அவகிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்டா. போன்ல பேச மாட்டா. ஒரு லெட்டர் போட்டுடறேன், அவ்வளவுதான்" என்றார். நம்பி விலாசத்தைக் கொடுத்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு குழுவில் தேடினேன். எனக்குத் தெரியாமல் உள்ளுக்குள் இன்னொரு சின்னக் குழு வைத்திருக்கிறார்கள். புதிதாய்ச் சேர்ந்த ஒரு பையன் பெருமைக்கு எனக்கு அதைக் காட்டினான். உன் போட்டோ ஆறு இருக்கிறது. நீ கைப்பையில் சாவி தேடுவது, நீ பஸ்ஸுக்கு நிற்பது. ஒவ்வொன்றுக்கும் கீழே சங்குப் படம் போட்டிருக்கிறார்கள், புயலைத் தாண்டினால் போடுவோமே, அதே படம்.

லேப்புக்குப் போகாதே. வேறு ஊருக்குப் போய்விடு. எங்கே என்று எனக்கு எழுதாதே.

தம்பி


மார்ச் 19

தம்பி,

வேறு ஊருக்குப் போகவில்லை. எத்தனை ஊருக்குப் போவேன்?

திங்கட்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவருகில் ஒருவர் வந்து நின்றார். ஒல்லி, நாற்பத்தைந்து வயது இருக்கும், சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டு, கையில் துணிப்பை. செட் வாங்க வந்த டாக்டர் வீட்டு ஆள் என்று நினைத்து, "எந்தக் கிளினிக்?" என்றேன்.

"மருந்து" என்றார்.

ஆறு வருடம் என் காதுக்குள் இருந்த குரல், தம்பி. அது இப்போது ஒரு உடம்போடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"பயப்படாதம்மா. உன்னை நான் ஒண்ணும் செய்ய வரலை."

"எப்படி வந்தீங்க?"

"பஸ்லதான்." சிரித்தார். மேஜையில் இருந்த ஒரு பல் செட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கே. சிட்டு சின்னப் பொண்ணு. ஏதோ புரியாம உன்கிட்ட சொல்லிட்டா. போலீஸ்ல குடுத்ததைத் திரும்ப வாங்கிடு. கம்பெனிக்கும் ஒரு வரி எழுதிடு, தப்பா நெனச்சுட்டேன்னு."

"வாங்கலைன்னா?"

"எனக்கு என்ன ஆகப்போகுது? உன் தம்பியை நெனச்சாத்தான் பாவமா இருக்கு." செட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "மெயின் சுவிட்ச் கதையை உன்கிட்ட அவன் சொன்னதே இல்லையா? என்கிட்ட அழுது அழுது சொன்னான். அவன் குரல்லயே பத்திரமா வச்சிருக்கேன்."

பல் இழைக்கும் கிரைண்டரின் சுவிட்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், போட்டால் சத்தத்துக்குக் கீழிருந்து யாராவது வருவார்கள் என்று. ஆனால் போடவில்லை. அவர் எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"சாப்பிட்டியாம்மா?"

ஒவ்வொரு சாயங்காலமும் நம் எல்லாரையும் கேட்பாரே, அதே மாதிரி. அதே அக்கறை.

போலீஸ் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். உன் பெயரை மட்டும் சொல்லவில்லை. மெயின் சுவிட்ச் என்றால் என்ன? மனுவைத் திரும்ப வாங்கினால்தான் நீ தப்பிப்பாய் என்றால், வாங்கிவிடுகிறேன். சிட்டுவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பிறகு பார்த்துக்கொள்கிறேன். நீ சொல். ஆனால் இந்த முறை முழுசாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

முழுசாகச் சொல்கிறேன். மனுவைத் திரும்ப வாங்காதே.

கேப்டன் அழுதார் என்று எழுதினேனே, அவர் அழவில்லை. விலாசம் கேட்டார். நான் தயங்கினேன். "உன் சுவிட்ச் விஷயம் என்கிட்ட பத்திரமா இருக்குடா" என்றார், அவ்வளவுதான். கொடுத்துவிட்டேன். குழுவில் உன்னைக் கிழித்தபோது நான் வாய் திறக்காததற்கும் அதுதான் காரணம். அவர்மேல் உள்ள பாசம்தான் என்பதுபோல உனக்கு எழுதினேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த விபத்து அன்று மேஸ்திரி மேலே மோட்டார் அறையில் கயிற்றுச் சக்கரத்தில் கை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். கீழே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டியது நான். அணைத்தேன். பூட்டு வண்டியில் இருந்தது. எடுத்துவரச் சோம்பல். பூட்டியாயிற்று என்று தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டடத்தில் யாரோ விளக்கு எரியவில்லை என்று சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். மேஸ்திரியின் மூன்று விரல் போனது. விசாரணையில், தாளில் கையெழுத்து இருக்கிறதே, அப்படியானால் மாற்றுச் சாவி வைத்திருந்த கட்டட வாட்ச்மேன்தான் பூட்டைத் திறந்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் உட்காரக்கூட இல்லை, வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா என் வீட்ல சோறு தின்னிருக்கேடா" என்றார். "என் பொண்டாட்டி உனக்குப் பரிமாறினா."

"ஆமாம் மேஸ்திரி."

"போ. என் கண்ணு முன்னால நிக்காதே. ஆபீஸ்ல போய் எழுதிக் குடு. குடுத்துட்டேன்னு எனக்குச் சொல்லணும்."

எழுதிக் கொடுத்தேன். வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை மறுபடி தொடங்குமாம், வழக்குகூட வரலாம். மேஸ்திரிக்குப் போன் செய்து சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

பிறகு குழுவுக்குப் போனேன். சாயங்காலம், எல்லாரும் இருக்கும் நேரம். மைக்கில் என் கதையைச் சொன்னேன். இதை வைத்துத்தான் கேப்டன் என்னிடமிருந்து அக்காவின் விலாசத்தை வாங்கினார் என்றும் சொன்னேன். நாற்பது பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பத்து நிமிடத்தில் கேப்டன் என் அழுகைப் பதிவை எடுத்துப் போட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான் பேசுவதை எல்லாரும் கேட்டார்கள். நானும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். அது முடிந்தபோது எனக்குப் பயம் இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. ஆனால் அவர் கையில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

லாரி அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். அவர்தான், எப்போதும் பாட்டுப் பாடுவாரே.

"தம்பி, என்னோடதும் ஒண்ணு வச்சிருக்கான்டா."

"என்னது அண்ணே?"

"அதை விடு. நாலு வருஷம். தினமும் அவன் சொன்ன நேரத்துக்கு வந்து, அவன் சொன்னவனைத் திட்டிட்டுப் போவேன். உன் அக்காவையும் திட்டினேன். அந்த ஆளு மேல எனக்குப் பாசம்னுதான்டா நெனச்சுட்டிருந்தேன்."

அன்று ராத்திரிக்குள் ஒன்பது பேர் இதையே வந்து சொன்னார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார்கள். ஒரே கப்பலில் தோளோடு தோள் நின்று ஆறு வருடம் சிரித்தோம், அக்கா. அதில் எத்தனை சிரிப்பு பயத்தில் சிரித்தது? ஐந்து பேர் போலீஸில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் அதற்குள் குழுவை விட்டே ஓடிவிட்டார்கள். என் பெயரை நீயே போலீஸ் அம்மாவிடம் சொல்லிவிடு.

ஒன்றே ஒன்று மட்டும் முடியவில்லை. வாட்ச்மேன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு தடவை அந்தத் தெரு முனைவரை போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன்மேல் கோபம் வந்தது, ஆத்திரம் வந்தது. அதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தத் தாள்களை அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று போலீஸ் அம்மா வரச் சொன்னார். கேப்டன் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து வந்துவிட்டார்கள். உள்ளே முப்பத்தொரு பெயரில் பதிவுகள். சிட்டுவின் பெயரில் மட்டும் எழுபது. அவளும் அவள் அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், டீச்சரைப் பார்த்த மாதிரி. நாங்கள் இருவரும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குரலைவிட ரொம்பச் சின்னப் பெண்ணாக இருந்தாள்.

"உங்க பேர்லயும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் போலீஸ் அம்மா. "கேக்கறீங்களா?"

எனக்கு ரகசியம் ஒன்றும் கிடையாது, கேட்கிறேன் என்றேன்.

ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இரண்டு வருடப் பழையது. என் குரல். "அவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான் கேப்டன். ரூமை விட்டே வரலை. நீங்க கேட்டாத்தான் சொல்லுவான். என்ன விஷயம்னு எப்படியாவது அவன் வாயைத் திறக்க வையுங்க."

அதற்கு அவன், "நீ கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்கிறான்.

உன்னை அவனிடம் கொண்டுபோய் விட்டது நான், தம்பி. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டேன். நன்றிகூடச் சொன்னேன், அதுவும் பதிவில் இருக்கிறது.

அவனை இன்னும் உள்ளே வைக்கவில்லை. விசாரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழக்கு நடக்குமாம். அதனால் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. மேஜை சுவரோரம்தான் இருக்கிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கை நிற்கிறது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாட்ச்மேன் இருக்கும் அந்தத் தெருவுக்குப் போவோம். கதவைத் தட்ட வேண்டியது நீ. பேச வேண்டியதும் நீ. அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியதும் நீதான். நான் உன் பக்கத்தில் நிற்பேன். பாதியில் திரும்பி ஓடினால் சட்டையைப் பிடித்து இழுத்து வருவேன், தெரிந்துகொள்.

அக்கா